ஒரு திருகாணியின் விலை

ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்:

"எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டனார் காலத்துப் பட்டாளத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய தினுசு. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. உள்ளே இருக்கும் வில் ஒடிந்துவிட்டது. ஒரு திருகாணியையும் காணவில்லை. விழுப்புரம் சாலையில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர், 'ஒரு நாள் கொடுங்கள், இரண்டையும் செய்து மாட்டித் தருகிறேன்' என்கிறார். செய்து கொள்ளலாமா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். சொல்லத்தான் போகிறோம். ஆனால் அந்த ஒடிந்த வில்லுக்கும் காணாமற் போன திருகாணிக்கும் பின்னால் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் நிற்கிறது. புதுச்சேரிக்கும் அதிலே பங்கு உண்டு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் பூர்த்தியாகும்.

முதலில் கெடுவது எது?

துப்பாக்கி என்றதும் நம் கண்ணில் படுவது நீண்ட குழலும் மரக் கட்டையுமே. இவை இரண்டும் எளிதில் அழிவதில்லை. எண்ணெய் தடவி வைத்தால் குழல் நூறு வருஷம் கிடக்கும். கரையானுக்குத் தப்பினால் கட்டையும் கிடக்கும். முதலில் உயிரை விடுகிறவை உள்ளே மறைந்திருக்கும் பொடி உறுப்புகள்தாம்.

பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியின் பக்கத்தில் விசைப் பூட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ இருபது துண்டுகள் சேர்ந்து அந்தப் பூட்டு ஆகிறது. கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை, அதை வேகமாய் முன்னே தள்ளும் பெரிய வில், விரல் இழுக்கும் வரையில் குதிரையைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு நாக்கு, கல் உரசும் எஃகுத் தகடு, தீப்பொறி வந்து விழும் மருந்துக் கிண்ணம், இவற்றையெல்லாம் பிணைக்கும் திருகாணிகள். இவற்றில் ஒன்று போனாலும் மற்றப் பத்தொன்பதும் வீண்.

பிற்காலத்து ரைபிளிலும் இதே கதைதான். தோட்டாவின் அடியில் குத்தும் ஊசி ஒன்று; வெடித்த பின் காலித் தோட்டாவைக் கவ்வி வெளியே இழுக்கும் கொக்கி ஒன்று. சுண்டுவிரல் நீளங்கூட இல்லாத அந்தக் கொக்கி முறிந்தால் காலித் தோட்டா குழலுக்குள்ளேயே சிக்கிக் கொள்ளும். நாலு கிலோ எடையுள்ள ரைபிள் அந்த க்ஷணத்திலிருந்து வெறும் தடிக்கம்பு ஆகிவிடும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியோர் தேரைப் பார்த்துச் சொன்னார்கள். யுத்த களத்துக்கும் அது பொருந்தும்.

அரமும் விளக்குப் புகையும்

யந்திரங்கள் வருவதற்கு முன் இந்தச் சிறு உறுப்புகளை எப்படிச் செய்தார்கள்? கொல்லன் பழைய உறுப்பை முன்னால் வைத்துக்கொள்வான். அதைப் பார்த்துப் புதியதை உலையில் காய்ச்சி அடித்து, பிறகு அரம் கொண்டு ராவுவான். பொருந்துகிறதா என்று அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. ஒரு பாகத்தை விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, மற்றப் பாகத்தோடு வைத்து அழுத்துவது. எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மேடு. அந்த மேட்டை ராவி, மறுபடியும் கரி ஏற்றி, மறுபடியும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பூட்டு முழுதும் பொருந்துவதற்குள் எத்தனையோ தடவை அரம் ஓட வேண்டியிருக்கும்.

வில் செய்வது இன்னும் கடினம். எஃகை வளைத்தால் மட்டும் வில் ஆகிவிடாது. சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தால் கண்ணாடியைப்போல் கடினமாகிவிடும். வளைத்தால் ஒடிந்து போகும். ஆகவே அதை மெருகிட்டு மறுபடியும் மெல்லச் சூடேற்ற வேண்டும். அப்போது எஃகின் மேல் வர்ணங்கள் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். நீலம் தோன்றுவது சுமார் 300 டிகிரிச் சூட்டில். அந்த நிறத்தில் நிறுத்தினால் வளைந்து நிமிரும் குணம் உண்டாகும். சற்று முந்தினால் வில் ஒடியும், பிந்தினால் தொய்யும். உஷ்ணமானி இல்லாத அக்காலத்தில் இதையெல்லாம் கண்ணாலேயே அளந்தார்கள்.

இத்தகைய கைத்திறன் நம் நாட்டில் குறைவாக இருந்ததில்லை. தமிழ்நாட்டுக் கொல்லர் மூசையில் உருக்கி வார்த்த எஃகு தேசாந்தரங்களில் பேர் பெற்றது. ஆனால் கைவேலைக்கு ஒரு குறை உண்டு. ஒரு துப்பாக்கிக்கு என்று ராவிய உறுப்பு அந்தத் துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும். பக்கத்திலுள்ளது அதே பட்டறையில், அதே கையால் செய்யப்பட்டதாயினும், இதன் திருகாணி அதில் ஏறாது. கழற்றும்போது கலந்துவிடாமலிருக்கக் கொல்லர்கள் உறுப்புகளில் புள்ளியும் கோடும் வெட்டி அடையாளம் வைப்பது வழக்கம். ஆயிரம் துப்பாக்கி உள்ள சேனைக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

ஐம்பது பூட்டுகள்

இத்தொல்லைக்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஒனோரே பிளாங் என்பது அவர் பெயர். ஒரே அச்சு, ஒரே அளவுகோல், ஒரே மாதிரி என்ற விதிப்படி உறுப்புகளைச் செய்தால் எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று அவர் கண்டார். 1785-ம் வருஷம் பாரிஸில் அமெரிக்கப் பிரதிநிதியாக இருந்த தாமஸ் ஜெபர்ஸன் அவருடைய பட்டறைக்குச் சென்றார். ஐம்பது பூட்டுகளைக் கழற்றி, உறுப்புகளை அறை அறையாகப் பிரித்துப் போட்டிருந்தார் பிளாங். ஜெபர்ஸன் கைக்கு வந்ததை எடுத்துத் தாமே சில பூட்டுகளைக் கோத்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அந்த ஆச்சரியத்தை அவர் உடனே தம் தேசத்துக்கு எழுதினார்.

பிளாங் 1790-ல் தம் முறையை விளக்கிப் பிரெஞ்சு தேசிய சபைக்கு ஒரு விண்ணப்பமும் எழுதினார். ஆனால் சொந்த நாட்டில் அது வேரூன்றவில்லை. விதையை எடுத்துச் சென்ற அமெரிக்காவிலேதான் அது மரமாயிற்று. ஹார்ப்பர்ஸ் பெர்ரி என்ற இடத்தில் ஜான் ஹால் என்பவர் 1820-களில் ஒன்றுக்கொன்று மாற்றக்கூடிய உறுப்புகளுள்ள ரைபிள்களைச் செய்து காட்டினார். 1851-ல் லண்டன் மகா பொருட்காட்சியில் அத்தகைய அமெரிக்க ரைபிள்களைப் பார்த்த ஆங்கிலேயர் விழித்துக் கொண்டனர். அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்க யந்திரங்களைத் தருவித்து என்பீல்டு தொழிற்சாலையில் நிறுவிவிட்டார்கள்.

இன்று நாம் சைக்கிளுக்கும் தையல் யந்திரத்துக்கும் கடையில் போய் உறுப்பு வாங்கி மாட்டுகிறோமே, அந்தச் சௌகரியத்தின் மூலம் இதுதான்.

புதுச்சேரியில் கிளம்பிய கப்பல்

ஜெபர்ஸன் அந்தப் பூட்டுகளைக் கோத்துப் பார்த்த இரண்டு வருஷத்துக்கெல்லாம், 1787-ல், புதுச்சேரித் துறையிலிருந்து ஒரு கப்பல் பிரான்ஸுக்குப் புறப்பட்டது. அதில் சென்றவர்கள் மைசூர் திப்பு சுல்தானின் தூதர் மூவர். 1788 ஆகஸ்டில் அவர்கள் வெர்ஸேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னனைக் கண்டார்கள். ஆங்கிலேயருக்கு எதிராகப் படையுதவி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. மற்றொன்று, கைவினைஞர்களை அனுப்ப வேண்டும் என்பது. படை கிடைக்கவில்லை. கைவினைஞர்கள் கிடைத்தார்கள். துப்பாக்கி செய்வோர், பீரங்கி வார்ப்போர், கடிகாரம் செய்வோர் முதலியவர்களுடன் தூதர்கள் 1789-ல் திரும்பினார்கள்.

திப்புவின் எண்ணத்தை இங்கே கவனிக்க வேண்டும். துப்பாக்கியை விலைக்கு வாங்குவது அவருக்குப் பெரிதல்ல. துப்பாக்கி செய்யும் கையைத் தம் நாட்டில் குடியேற்ற வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் வேறு ஊர்களிலும் அவருடைய பட்டறைகளில் செய்யப்பட்ட துப்பாக்கிகளில் புலி முகம் செதுக்கியிருக்கும். 1799-ல் கோட்டை விழுந்தபின் அவற்றுள் பல சீமைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்குள்ள பொருட்காட்சிசாலைகளில் அவற்றைக் காணலாம்.

கையைக் கட்டிய சட்டம்

மைசூர் விழுந்த இரண்டு வருஷத்தில் தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர் போரும் முடிந்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஆயுதம் போன ஊரில் ஆயுதம் செய்கிறவனுக்கு என்ன வேலை?

1857-க்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். ஆங்கிலச் சோல்ஜர் குழலுக்குள் புரி வெட்டிய ரைபிளை ஏந்த, இந்தியச் சிப்பாயின் கையில் புரியில்லாத மழமழத்த குழல் கொடுக்கப்பட்டது. அதன் பின்பும் பல வருஷங்கள், வெள்ளைப் பட்டாளம் கழித்துப் போட்ட தினுசே நம் சிப்பாய்க்கு வந்து சேர்ந்தது. 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைத்திருப்பதும் செய்வதும் குற்றம் ஆயின. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. 1930-ல் காந்தி மகான் வைஸ்ராய்க்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளுள் தற்காப்புக்கு ஆயுத லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சையே உருவானவர் ஏன் இதைக் கேட்டார்? துப்பாக்கி மேல் ஆசையினால் அல்ல; ஒரு ஜாதியாரை முழுதும் நம்பத் தகாதவர் என்று முத்திரை குத்தும் அவமானத்தைத் துடைக்கவே.

இந்தச் சட்டத்தின் விளைவைப் புதுச்சேரி எல்லையில் நன்றாய்க் காணலாம். பிரிட்டிஷ் சட்டம் இங்கே செல்லாது. ஆகையால் பாரதியாரும் அரவிந்தரும் வ. வே. ஸு. ஐயரும் இங்கே வந்து தங்கினார்கள். கரடிக்குப்பத்தில் ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்றுவித்ததாகச் சொல்வர். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அச்செயலின் நியாய அநியாயத்தை இங்கே விசாரிக்க வரவில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன் மருது சகோதரர் படையிலிருந்த துப்பாக்கி பழுதுபட்டால் உள்ளூர்க் கொல்லன் உலையில் சரியாகும். வாஞ்சியின் துப்பாக்கியில் ஒரு வில் ஒடிந்திருந்தால் ஐரோப்பாவுக்குத்தான் எழுதவேண்டும். ஒரு நூற்றாண்டுக்குள் நாம் இழந்தது ஆயுதத்தை மட்டும் அன்று.

இழந்த தொழில் நல்ல வழி அடைபட்டால் கெட்ட வழியில் புகும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. வங்க நவாபு மீர் காசிம் 1760-களில் பீஹாரிலுள்ள முங்கேருக்குத் தலைநகரை மாற்றி அங்கே துப்பாக்கித் தொழிலை வளர்த்தார். அந்தக் கைத்திறன் இன்னும் சாகவில்லை. லைசென்ஸ் பெற்ற தொழிற்கூடங்கள் அங்கே உண்டு. அதே சமயம் கள்ளத் துப்பாக்கி என்றாலும் போலீஸார் முதலில் நினைக்கும் ஊர் முங்கேர்தான்.

தாழ்ப்பாளில் ஓர் எண்

பிளாங் கண்ட கனவு அவர் நாட்டிலும் ஒரு நூற்றாண்டு கழித்துப் பலித்தது. 1886-ல் பிரெஞ்சு ஸர்க்கார் ஏற்ற லெபெல் ரைபிள், ஸேன் எத்தியேன், ஷாத்தெல்ரோ, துல் ஆகிய மூன்று ஊர்த் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் தயாராயிற்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோ சீனா வரையில் போய்வந்த புதுச்சேரிச் 'சொல்தா' குடும்பங்களுக்கு லெபெல் என்ற பெயர் புதிதாய் இராது.

இந்தியாவிலோ, வங்காளத்து இச்சாப்பூரில் 1904-ல் ரைபிள் தொழிற்சாலை ஏற்பட்டது. கட்டியது ஆங்கில ஸர்க்கார். அரமும் கடைசலும் ஓட்டியது நம்மவர் கை. அங்கே உருவான .303 ரைபிள் இரண்டு மகா யுத்தங்களையும் கண்டது.

அந்த ரைபிளிலும் ஒரு நுட்பம் உண்டு. எவ்வளவு திருத்தமாய் யந்திரம் செய்தாலும், தோட்டாவை அடைத்து நிற்கும் தாழ்ப்பாளுக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளியில் மயிரிழை வித்தியாசம் வரும். இடைவெளி மிஞ்சினால் தோட்டா உள்ளேயே பிளந்து, சுடுகிறவன் முகத்தில் சூடான வாயு அடிக்கும். ஆகவே ஒவ்வொரு தாழ்ப்பாளிலும் அந்தந்த ரைபிளின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஒன்றினுடையதை மற்றொன்றில் மாட்டுவது ஆபத்து. பின்னால் வந்த நாலாம் நம்பர் ரைபிளுக்குத் தாழ்ப்பாளின் தலையை 0, 1, 2, 3 என்று நாலு அளவில் செய்து வைத்தார்கள். பட்டாளத்து ஆயுதக் கம்மியன் அளவுகோல் வைத்துப் பார்த்து, ஏற்றதைத் தேர்ந்து மாட்டுவான். எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று யந்திரம் பெருமை பேசினாலும், கடைசி மயிரிழையைத் தேர்ந்த கண்ணும் கையுமே தீர்மானித்தன.

சுதந்திரம் வந்த பின்னும் .303 நெடுங்காலம் போலீஸார் தோளில் இருந்தது. 1962-ல் சீன யுத்தம் மூண்டபோது நம் ஜவான்கள் பலர் கையில் இருந்ததும் அந்தப் பழைய ரைபிளே. அதற்குப் பிறகு வேலை துரிதமாயிற்று. இச்சாப்பூரில் 7.62 மில்லிமீட்டர் ரைபிள்கள் உருவாயின. 1966-ல் நம் திருச்சிராப்பள்ளியிலும் துப்பாக்கித் தொழிற்சாலை பிறந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 ஜனவரி 26-ந் தேதிக் குடியரசு தின அணிவகுப்போடு .303-க்கு விடை கொடுத்தார்கள். உற்பத்தி நின்றுபோன ஆயுதத்துக்கு உறுப்பும் தோட்டாவும் தேடிக்கொண்டே இருக்க எந்தச் சேனையாலும் முடியாது.

நேயருக்குப் பதில்

இப்போது ரெட்டியார்பாளையத்து நேயருக்கு வருவோம். செய்யக் கூடாது என்பதே பதில். காரணம், பட்டறைக்காரருக்குத் திறமை போதாது என்பதல்ல. திறமை போதும் என்பதே.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைச் செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். 'ஆயுதம்' என்ற சொல்லில் அதன் உறுப்புகளும் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. லேத்து லைசென்ஸ் வேறு, துப்பாக்கி லைசென்ஸ் வேறு. பட்டறைக்காரர் நல்லெண்ணத்தோடு செய்து கொடுத்தாலும் குற்றம் குற்றமே. செய்தவரும் செய்வித்தவரும் சேர்ந்து மாட்டிக்கொள்ள நேரிடும்.

"பழைய காலத்துப் பொருளுக்கு விலக்கு இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. 45-வது பிரிவு அதைச் சொல்கிறது. வழக்கொழிந்த மாதிரியோ, புராதன மதிப்புள்ளதோ, பழுதானதோ ஆன ஆயுதத்துக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுட முடியாததாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு வில்லும் ஒரு திருகாணியும் போட்டால் சுடும் என்றால், அவை இல்லாமற் கிடக்கும்போதே சட்டத்தின் கண்ணுக்கு அது துப்பாக்கிதான். நேயர் வீட்டுப் பூஜைப் பொருளுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வில்லைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் கலெக்டர் காரியாலயத்தில் விசாரித்து, லைசென்ஸ் உண்டா, வேண்டுமா என்று தெளிவு பெறுங்கள். வைத்துக்கொள்ள உரிமையில்லை என்று தெரிந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வழி இருக்கிறது. லைசென்ஸ் இருந்து, பழுது பார்த்தே தீரவேண்டும் என்றால், துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் பெற்றவரிடம் மட்டுமே கொடுங்கள். வெடித்துப் பார்க்கும் ஆசை யாருக்கேனும் வீட்டில் இருந்தால் அதை அடியோடு விட்டுவிடச் சொல்லுங்கள். உள்ளே துரு அரித்த குழல், வெளியே பளபளவென்று இருக்கும். மருந்து வெடிக்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

ஒடிந்த வில்லை எறிந்துவிடாமல் ஒரு துணியில் முடிந்து துப்பாக்கியோடு வையுங்கள். பொருட்காட்சிசாலைக்காரர்கள் பின்பற்றும் முறை அது. புது உறுப்பு மாட்டினாலும் பழையதைக் காப்பார்கள். புதியது புதியதென்று தெரியும்படி அதில் ஓர் அடையாளமும் இடுவார்கள். அந்த ஒடிந்த துண்டில் பழைய அரத்தின் கோடுகள் இருக்கும். யாரோ ஒரு கொல்லன் விளக்குப் புகையில் காட்டிக் காட்டி ராவிய கோடுகள் அவை. முழுமையான துப்பாக்கியைக் காட்டிலும் அந்தத் துண்டே சரித்திரத்துக்கு நல்ல சாட்சி.

பட்டறைக்காரருக்கும் ஒரு வார்த்தை. மாதிரியைப் பார்த்த மாத்திரத்தில் 'ஒரு நாளில் செய்து தருகிறேன்' என்று சொல்லக் கூடிய கை சாமான்யமான கை அல்ல. செய்த கம்பெனி மூடிப் போய், உறுப்பு கிடைக்காமல் நிற்கும் நீர் இறைக்கும் யந்திரங்களும் தறிகளும் அச்சு யந்திரங்களும் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றுக்கு உயிர் கொடுக்கச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. திப்பு சுல்தான் கடல் கடந்து ஆள் அனுப்பித் தேடியது இத்தகைய கையைத்தான். அது இப்போது விழுப்புரம் சாலையிலேயே கிடைக்கிறது.

ஒரு தேசம் எத்தனை ஆயிரம் துப்பாக்கி வைத்திருக்கிறது என்று கணக்கெடுப்பவர்கள் உண்டு. அவற்றில் ஒரு திருகாணி தொலைந்தால் அதை யார் செய்வார்கள் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிறரிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தால், அந்தத் திருகாணிக்கு அவர்கள் சொன்னதே விலை.